இரண்டாவது கதவும் ஒரு குழாயும்

1

இது கட்டுரையாகப் பிறந்த கதை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புதிய குடும்ப நீதிமன்றக் கட்டடத்தின் திறப்புவிழா மலருக்கு, 'ஒரு கட்டடம் எதனால் பொருள் பெறுகிறது?' என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். கட்டடத்தை வடிவமைத்தவள் என் அக்கா. தம்பி எழுத்தாளன், கேட்டால் மறுக்க மாட்டான் என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள்.

முதல் தொடக்கம்: 'கல்லும் மண்ணும் பேசத் தொடங்கும்போது...'

(வேண்டாம். எத்தனையோ கட்டடங்களின் முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒன்றுகூட வாயைத் திறந்ததில்லை.)

இரண்டாவது: 'ஒளி, காற்று, வெளி ஆகிய மூன்றும்...'

(அக்கா படித்துவிட்டு, "என்னடா, ஃபேன் விளம்பரமா?" என்றாள்.)

மூன்றாவது: 'இந்தக் கட்டடத்தில் தேவையில்லாமல் ஒரு கதவு இருக்கிறது.'

அக்கா தாளைக் கீழே வைத்தாள். "இதை மலர்ல போடாதே. கதைன்னு எழுதிக்கோ. கதைன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

2

அந்தக் கதவைச் சொல்கிறேன். தீர்ப்பு சொல்லும் அறையிலிருந்து எல்லோரும் முன்வாசல் வழியாக வெளியேறலாம். இடப்பக்கச் சுவரில் இன்னொரு கதவு. அதைத் திறந்தால் சின்ன முற்றம், ஒரு மரம், ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய சிமெண்ட் பெஞ்ச், இடுப்பு உயரத்தில் ஒரு குழாய். அதைத் தாண்டினால் பின்தெரு.

காரணம் பழைய கட்டடத்தில் இருக்கிறது. அக்காவுக்கு விவாகரத்து அங்கேதான் கிடைத்தது. தீர்ப்பு வந்ததும் வக்கீல்கள் அடுத்த வழக்குக்கு ஓடிவிட்டார்கள். அக்காவும் அத்தானும்* நீளமான ஒரு நடையில் தனியாக நடந்து வர வேண்டியிருந்தது. தோள் உரசும் அகலம். கடைசியில் ஒற்றைக் கதவு. பாதி திறந்தே இருக்கும், மீதி திறக்காது.

"நீ முதல்ல போ" என்றாராம் அவர்.

"இல்ல, நீங்க போங்க" என்றாளாம் இவள்.

அத்தனை வருடச் சண்டையில் வராத அழுகை, அந்த மரியாதையில் வந்துவிட்டது. நான் தெருவில் வண்டியோடு நின்றிருந்தேன். அழுத முகத்தைக் கழுவ இடமில்லாமல், முந்தானையால் துடைத்துக்கொண்டே அவ்வளவு பேர் நடுவில் வந்தாள். எனக்கு அந்தக் கட்டடத்தை இடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது.

* 'முன்னாள் அத்தான்' என்று எழுதலாமா என்று கேட்டேன். "'அந்த ஆள்'னு எழுது, போதும்" என்றாள். எனக்குத்தான் கை வரவில்லை.

3

இனி வரைபடக் கூட்டம். தலைமைப் பொறியாளருக்கு அக்கா வைத்திருந்த பெயர் சிக்கனம். அவர் பென்சிலால் இரண்டாவது கதவைச் சுற்றி வட்டமிட்டார். "இது எதுக்கும்மா? காரணம் சொல்லுங்க, இல்லன்னா எடுத்துடுங்க."

காரணம் அவளிடம் ஒன்றுதான் இருந்தது. அதை அந்த மேசையில் வைக்க அவளுக்கு மனமில்லை. வைக்காவிட்டால் கதவு போய்விடும்.

முதல் வடிவம்: அவள் எழுந்து எல்லாவற்றையும் சொல்கிறாள். கூட்டமே கண்கலங்குகிறது. சிக்கனம் கண்ணாடியைக் கழற்றி...

(அவர் கண்ணாடி போடுவதில்லை. அழுபவரும் இல்லை.)

இரண்டாவது வடிவம்: அவள் வாயைத் திறக்கவில்லை. கதவு போகிறது. கதையும் போகிறது.

நடந்தது இது:

"தீப்பிடிச்சா வெளியேற இன்னொரு வழி வேணுமில்லையா சார்?" என்றாள் அக்கா.

சிக்கனம் தலையாட்டினார். "சரி. இந்தக் குழாய்? தீயை அணைக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். "மரத்துக்குத் தண்ணி ஊத்த சார்."

கையெழுத்து விழுந்தது.

(இங்கே என் கட்டுரைக்கு ஒரு வரி கிடைத்தது: உள்ளே வரும் ஆளுக்கு என்ன ஆகும் என்று யாரோ முன்கூட்டியே கவலைப்பட்டிருப்பது தெரிந்தால், அந்தக் கட்டடத்துக்குப் பொருள் வந்துவிடுகிறது. மலரில் அச்சானது. அடுத்த பகுதியை எழுதிய பிறகு அது பாதி சரி என்றே தோன்றுகிறது.)

4

கட்டடம் திறந்து சில மாதம் கழித்து, கதவு வேலை செய்கிறதா என்று பார்க்க அக்கா கூப்பிட்டாள். பின்தெருச் சுவர் ஓரம் நின்றோம். யாரோ ஒரு பெண் வருவாள் என்று அக்கா காத்திருந்தாள். சொல்லவில்லை, ஆனால் தெரிந்தது.

கதவு திறந்தது. வந்தது ஒரு ஆண். இஸ்திரி கலையாத சட்டை. பெஞ்சில் உட்கார்ந்தார், உடனே எழுந்தார். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். நிறுத்தினார். மறுபடி திறந்து மறுபடி கழுவினார். கர்ச்சீப் இல்லை போலிருக்கிறது. சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"இப்படியே போனா பஸ் நிறுத்தம் வருமா?"

"வரும். நேராப் போங்க" என்றாள் அக்கா.

அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளே போய், அவர் சரியாக மூடாமல் விட்ட குழாயை இறுக்கி மூடினாள். கை அதிலேயே இருந்தது.

"ஏன்டா," என்றாள், "அன்னைக்கு அவர் எங்க போய் முகம் கழுவினார்?"

'அந்த ஆள்' என்று சொல்லவில்லை.

5

எனக்குத் தெரியாது. அன்று நான் அக்காவை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 'எதிரே ஒரு கடையில் தண்ணீர் வாங்கி...' என்று எழுதிப் பார்த்தேன். 'அவர் அழவே இல்லை' என்றும் எழுதினேன். இரண்டையும் அடித்துவிட்டேன். அக்காவிடம் இட்டுக்கட்ட எனக்கு வராது. கண்டுபிடித்துவிடுவாள்.

பழைய நீதிமன்றத்தின் வெளியே எப்போதும் கூட்டம் இருக்கும். அன்று அதில் நீங்களும் நின்றிருக்கலாம். வண்டியில் ஏறும் பெண்ணையே தம்பி பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் பின்னாலேயே வாசலுக்கு வந்து, தன்னை அழைத்துப்போக யாரும் வராமல் நின்ற ஒருவரை நீங்கள் கவனித்திருக்கலாம்.

அவர் எந்தப் பக்கம் போனார்? சொல்லுங்கள். அக்கா இன்னும் குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை.