மாடியறை மெட்டு

துர்காதேவிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று மானகிரியில் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? காரைக்குடி பேங்குக்குப் போனாலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, பக்கத்தில் இருப்பவர் கேட்பது ஒரே கேள்விதான். என்ன வேலை பாக்குறீக? இசைக்கு மெட்டு எழுதுகிறேன். அட, எந்தப் படம்? படமெல்லாம் இல்லை, வயலின் கச்சேரிக்கு எழுதுகிறேன் என்பாள். கேட்டவர் முகம் சுண்டிப்போகும். "வருத்தப்படாதீக, சீக்கிரமே சான்ஸ் கெடச்சுரும்" என்று ஆறுதல் வேறு. ஆறுதல் கேட்டாளா அவள்?

வயது நாற்பது. சென்னையில் கர்நாடக சங்கீதம் படித்து, வெளிநாட்டில் மேற்கத்திய இசை எழுதக் கற்று, பிறகு சொந்த ஊருக்கே வந்து உட்கார்ந்து கொண்டவள். அவள் எழுதியதை பெர்லினில் ஒருமுறை வாசித்து முடித்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இதை ஊரில் சொன்னாள். "ஏன், அங்குட்டு உக்கார நாற்காலி இல்லையாக்கும்?" என்று கேட்டாள் ராக்காயி. அதோடு வெளியூர்ப் பெருமை பேசுவதை துர்கா விட்டுவிட்டாள்.

ராக்காயி, கீழே பலகாரக் கொட்டகையில் மூத்தவள். கொட்டகை துர்காவின் அம்மா பொன்னுத்தாயியுடையது. தேன்குழலும் அதிரசமும் சீப்புச் சீடையும் அங்கிருந்து சிங்கப்பூர் வரை போகின்றன. ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, அச்சில் பிழிந்த சீடை மாவை விரலில் சுற்றிச் சுற்றித் தாம்பாளத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள். கொட்டகைக்கு மேலே ஓர் அறை. அதுதான் துர்காவின் பட்டறை.

அவள் வேலை செய்கிற விதமே தனி. காலையில் எந்த வாத்தியத்தையும் தொடமாட்டாள். கதவிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து கதவுக்கும் நடந்தபடி வாய்விட்டுப் பாடுவாள். சொல் கிடையாது, தன்னானா மட்டும்தான். ஒரு வரி பிடித்துப்போனால் அதையே திரும்பத் திரும்பப் பாடிவிட்டு, எழுதி வைக்காமலே கீழே இறங்கிவிடுவாள். துணி துவைப்பாள், பால்காரரிடம் தண்ணி ஊத்துனீகளா என்று சண்டை போடுவாள், மாட்டுக்குத் தவிடு கரைப்பாள். அத்தனைக்கும் பிறகு மேலே வந்து பார்த்தால் அந்த வரி நினைவில் இருக்க வேண்டும். இருந்தால்தான் அது மெட்டு, மறந்துபோனால் குப்பை. இப்படித் தங்கியவற்றை மத்தியானத்துக்கு மேல் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். அப்போது காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் இடி விழுந்தாலும் தெரியாது.

யாரிடமும் அபிப்பிராயம் கேட்கிற வழக்கம் இல்லை. கேட்டாலும் வீட்டில் யார் சொல்வார்கள்? அம்மா மாடிப்படி ஏறி வருவது ஒரே ஒரு செய்தி சொல்லத்தான். "சோறு ஆறிப்போகுது." அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பெற்ற மகள் ஆறு மாதமாக என்னத்தை முனகுகிறாள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லையே என்று துர்காவுக்கு உள்ளுக்குள் ஒரு கசப்பு. வெளியே சொல்வாளா? அவளாவது, சொல்வதாவது!

இந்த முறை வேலை பெரியது. சென்னையில் ஒரு வயலின் குழு அவளிடம் புதிதாக ஒன்று எழுதக் கேட்டிருந்தது. சென்னையில் அரங்கேறி, பிறகு ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போகப்போகிற இசை. ஒப்பந்தத்தில் கறாராக இரண்டு ஷரத்துகள். மெட்டு அவளுடைய சொந்தக் கற்பனையாக இருக்க வேண்டும். அரங்கேற்றத்துக்கு முன்பு எங்கேயும் யாரும் பாடியிருக்கக் கூடாது. என் மெட்டு என்னுடையதாக இல்லாமல் வேறு யாருடையதாக இருக்கும் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். முக்கால்வாசி எழுதி அனுப்பியும் விட்டாள்.

மீதியைப் பேசி முடிக்க, குழுவின் பொறுப்பாளர் கார்த்திகேய சிவம் நேரில் வருவதாகச் சொன்னார். அன்று பொன்னுத்தாயி காலையிலேயே கோவிலூர்க் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். எதற்கென்று சொல்லவில்லை. சொன்ன நேரத்துக்கு முன்பே அவருடைய கார் வந்து நின்றதை துர்கா காதில் ஹெட்போனோடு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மனிதர் இறங்கினார், மாடிப்படிக்கு வரவில்லை. கொட்டகை வாசலில் போனை நீட்டிப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். பலகாரத்தைப் படம் எடுக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

மேலே வந்தபோது அவர் முகம் சரியாக இல்லை. காப்பியைக் கையில் வாங்கியவர் குடிக்கவில்லை.

"மேடம், இதைக் கொஞ்சம் கேளுங்க."

போனில் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். தன்னன்னா தானன்னா என்று சொல்லில்லாத பாட்டு. பின்னால் எண்ணெய்ச் சட்டியின் சத்தம். துர்காவுக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அது அவளுடைய மெட்டு. இரண்டாம் பகுதியில் வருகிற, மெதுவாக இறங்குகிற அந்த நீண்ட மெட்டு. ஓர் இடம்கூடப் பிசகவில்லை. பன்னிரண்டு வயலின்காரர்கள் ஒத்திகை பார்த்துப் பார்த்துப் பிடிக்க வேண்டியதை இந்தப் பெண்கள் சீடை சுற்றிக்கொண்டே பாடுகிறார்கள்.

"நீங்க அனுப்பின இசைத் தாளைப் பார்த்துப் பார்த்து இது எனக்கு மனப்பாடம். அதனாலதான் வாசல்லயே நின்னுட்டேன்" என்றார் அவர். "இது என்ன பாட்டுன்னு கேட்டேன். எங்க பூட்டன் காலத்துப் பாட்டு, இந்த மண்ணுல பொறந்த எல்லாருக்கும் தெரியும்னு அந்தப் பெரியம்மா சொன்னாங்க."

"எந்தப் பெரியம்மா? ராக்காயியா?"

"பேர் தெரியாது. மேடம், ஊர்ப் பாட்டை எடுத்து எழுதுறது குத்தம் இல்ல. ஆனா நீங்க சொந்தக் கற்பனைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நாளைக்கு யாராவது கண்டுபிடிச்சா எங்க பேரும் போகும், உங்க பேரும் போகும்."

"களவாணின்னு சொல்றீகளா?"

"நான் அப்படிச் சொல்லலை."

"வேற எப்படிச் சொல்றதாம்?"

துர்கா தன் போனைத் திறந்து, மெட்டு முதன்முதலில் வந்த நாளில் பாடிப் பதிவு செய்ததைத் தேதியோடு காட்டினாள். அவர் பார்த்தார், தலையாட்டினார். "இது மார்ச் மாசம். அவங்க பூட்டன் காலம்னு சொல்றாங்களே" என்றார். அவளுக்கு அழுகை முட்டியது. இருபது வருஷ உழைப்பு. ஒரே ஒரு மெட்டைக்கூட யாரிடமும் கடன் வாங்கியதில்லை என்பதுதான் அவளுடைய சொத்து, திமிர், எல்லாம். திருட்டு மெட்டு என்று ஒருமுறை பேர் விழுந்துவிட்டால் பிறகு யார் அவளை நம்புவார்கள்?

தடதடவென்று கீழே இறங்கினாள். பின்னாலேயே அவரும் வந்தார். கொட்டகை கப்சிப்பென்று அடங்கியது.

"அத்தை, இவுககிட்ட என்ன சொன்னீக?"

ராக்காயி மாவுக் கையோடு நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "நல்லாத்தான்த்தா சொன்னேன். மெட்ராசுலருந்து வந்த மனுசரு, பாட்டு நல்லாருக்கேன்னு மலைச்சுப்போயி நின்னாரு. சும்மா விடுவேனா? எங்க பூட்டன் காலத்துப் பாட்டு, இது மாதிரி நூறு பாட்டு இருக்குன்னு அடிச்சு விட்டேன். நம்ம ஊரு பெருமைய நாம சொல்லாம யாரு சொல்லுவா?"

"அடிச்சு விட்டீகளா! அய்யோ அத்தை, என் தலையில கல்லத் தூக்கிப் போட்டீகளே! இந்தப் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். "ஒங்க ஆத்தாதான் படிச்சுக் குடுத்தாக" என்றாள் ஒருத்தி மெல்ல. "அவுக சொல்லு போட்டுப் பாடுவாக, நாங்க பின்பாட்டு. இன்னைக்கு அவுக இல்லையா, அதான் வெறும் தன்னானே."

கார்த்திகேய சிவம் பெருமூச்சு விட்டார். "அப்போ உங்க அம்மாவுக்கு அவங்க அம்மாகிட்ட இருந்து வந்திருக்கும்."

அம்மா பாடுவாளா? நாற்பது வருஷத்தில் அம்மா பாடி துர்கா கேட்டதே இல்லை.

அந்த நேரம் பார்த்து பொன்னுத்தாயி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கையில், மகள் பேருக்கு அர்ச்சனை செய்த திருநீற்றுப் பொட்டலம். "வாங்க, வாங்க. எப்ப வந்தீக? சாப்பிட்டீகளா?" என்றவள், எல்லோர் முகத்தையும் பார்த்துத் தயங்கினாள். "என்னடி, எழவு வீடு மாதிரி இருக்கீக?"

விஷயத்தை ராக்காயிதான் சொன்னாள், தன் பங்கைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. பொன்னுத்தாயி முகம் கறுத்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"அம்மா, நீங்க அந்தப் பாட்டை முழுசாப் பாடிக் காட்டணும்" என்றார் கார்த்திகேய சிவம்.

"எனக்கு எங்கய்யா பாட்டுத் தெரியும்? வேலை அலுப்புக்கு ஏதோ..."

"பாடும்மா" என்றாள் துர்கா. "பாடலைன்னா இன்னையோட என் பொழப்பு போச்சு."

பொன்னுத்தாயி மகளைப் பார்க்கவில்லை. கொட்டகைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். தொண்டையைச் செருமி, ஆரம்பித்தாள்.

மாடியில ஒரு குயிலு கூவுது
மத்தியானச் சோறு திங்கலியே
லேப்டாப்புல கண்ண வச்சு
லோகத்தையே மறந்திருக்கே

மெட்டு ஒன்ன நூறு தரம்
மென்னு மென்னு பாக்குறாளே
ராசா வந்து கேட்டாலும்
ராகம் மாத்த மாட்டாளே

ஊருக்கு அவ அரும தெரியாது
ஒருத்தி எனக்குத் தெரியாதா
ராங்கிக்காரியப் பெத்தவ நான்
எம்புட்டுக் குடுத்து வச்சவளோ

பின்பாட்டுக்காரிகள் வழக்கம்போல சேர்ந்துகொண்டார்கள். பாட்டு முடிந்ததும் கார்த்திகேய சிவம் முதலில் சிரித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"பெரியம்மா, உங்க பூட்டன் காலத்துல லேப்டாப் இருந்துச்சா?"

"இருந்துருக்கும்" என்றாள் ராக்காயி, கொஞ்சமும் அசராமல். "யாரு கண்டா?"

கொட்டகையே கொல்லென்று சிரித்தது. துர்கா மட்டும் சிரிக்கவில்லை. எண்ணெய் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் கொட்டியது, துடைக்கவும் இல்லை. அரங்கம் எழுந்து நின்ற அன்றுகூட அவளுக்கு இப்படி நெஞ்சு நிறைந்ததில்லை.

"இத எப்பம்மா கட்டுன?"

"நீ மேல கத்திக்கிட்டே இருந்தா கீழ இருக்கவ என்ன செய்வா? காதுல விழுந்து விழுந்து ஒட்டிக்கிச்சு. நல்ல மெட்டு, சும்மா விடுறதான்னு சொல்லு வச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ஆமா, சொல்லிட்டாலும்! கட்டுன மெட்டுல எவ கைய வச்சதுன்னு என்னையக் கொன்னே போட்டிருப்ப. நீ அந்தக் காதுமூடிய மாட்டுன பெறகுதான் நாங்க வாயத் தொறப்போம்."

கார்த்திகேய சிவம் கைகூப்பினார். "மன்னிச்சுக்கங்க மேடம். உங்களைச் சந்தேகப்பட்டது தப்பு. மெட்டு உங்களோடதுதான்." பிறகு கழுத்தைச் சொறிந்துகொண்டார். "ஆனா இன்னொரு ஷரத்து இருக்கே. முன்னாடி யாரும் பாடியிருக்கக் கூடாது. இங்க ஒரு கொட்டகையே பாடுது. ஒண்ணு செய்யலாமா? அந்த இறக்கத்துல மட்டும் ரெண்டு மூணு இடத்தை லேசா மாத்திட்டீங்கன்னா, வேற மெட்டுன்னு ஆயிடும். ஒருத்தரும் கேள்வி கேக்க முடியாது."

துர்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண்ணீர் வந்த கண்ணில் இப்போது வேறொன்று வந்திருந்தது.

"மாத்த மாட்டேன்."

"சின்ன மாத்தம்தான் மேடம்..."

"ஆறு மாசம் நடந்து நடந்து செஞ்சது சார். ஒரு இடமும் கூட இல்ல, ஒரு இடமும் கொறச்சல் இல்ல. சீடை சுத்துற கையோட எங்க ஆளுக தப்பில்லாம பாடுறாகன்னா அது மெட்டு. ஊரு பாடிருச்சேன்னு நான் அத வெட்ட மாட்டேன். இப்படியே வேணும்னா வாங்கிக்கங்க, வேண்டாம்னா காகிதத்தக் கிழிச்சுப் போட்டுட்டுக் காருல ஏறுங்க. போகையில சீடை வாங்கிட்டுப் போங்க, நல்லாருக்கும்."

சட்டியில் தேன்குழல் சிவந்துகொண்டிருந்தது, அதை எடுக்கக்கூட ஒருத்திக்கும் தோன்றவில்லை. கார்த்திகேய சிவம் அவளைப் பார்த்தார், சுவரோரம் நின்ற தாயைப் பார்த்தார்.

"மெட்டு அப்படியே இருக்கட்டும்" என்றார். "ஷரத்தை மாத்திக்கிறோம்."

பொன்னுத்தாயி திருநீற்றுப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ராக்காயி பக்கம் திரும்பினாள். இப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"கேட்டியா ராக்கு? பாட்டுல நான் ஒரு சொல்லாவது பொய் சொல்லியிருக்கேனா?"