எட்டாம் கட்டையில் நின்ற கார்

மருத்துவிச்சி அன்னலட்சுமியின் கார் நான்காவது தடவையாக எட்டாவது மைல்கல்லான எட்டாம் கட்டையடியில் நின்றுபோனபோது, நிலாவெளியில் சுபைதாவுக்கு வலி கண்டு இரண்டு மணி நேரமாகியிருந்தது. மருந்துப் பெட்டியோடு வெயிலில் நின்றவள், கடைசியில் ஒரு மீன் லொறியை மறித்து ஏறினாள். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து, கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாய்ந்து கிடந்தது. சுண்டியும் தடவியும் ஊதியும் ஒருவாறு அழவைத்துவிட்டாள். இன்னும் ஐந்து நிமிடம் சுணங்கியிருந்தால்? அந்த நினைப்பு அன்றிரவு அவளைத் தூங்கவிடவில்லை.

இருபத்திரண்டு வருடம் திருகோணமலை ஆசுபத்திரியில் எல்லோரும் 'மிஸி' என்றழைக்கும் மருத்துவிச்சியாக இருந்து விலகி, தனியே தொழில் தொடங்கியபோது, 1957இல், டவுனில் இருந்த கார்க் கம்பனியில் புத்தம் புதிதாக வாங்கிய வண்டி அது. ஒரு வருடத்துக்குள் எது பழுதானாலும் கம்பனியே திருத்தித் தரும் என்று கடதாசியும் கொடுத்திருந்தார்கள். மூன்று தடவை கொண்டுபோனாள். மூன்று தடவையும் மேற்பார்வையாளர் பாக்கியரத்தினம் முற்றத்தில் இரண்டு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு, "ஒரு பிழையும் இல்லை, மிஸி" என்று கார்த் திறப்பை நீட்டினார். கடைசித் தடவை மட்டும், அவள் விடாமல் நின்றதால், எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் கொயிலைப் புதிதாக மாற்றியதாக ஒரு துண்டு எழுதித் தந்தார்.

மறுநாள் காலை, ஆறிப்போய் மறுபடி ஓடத் தொடங்கிய காரை அவள் நேரே கம்பனிக்கு விட்டாள்.

"விட்டுட்டுப் போங்கோ மிஸி, அடுத்த மாசம் பாப்பம்."

"அடுத்த மாசம் வருசம் முடிஞ்சிடும், தம்பி."

பாக்கியரத்தினம் சிரித்தார். "பொம்பிளையள் ஓடினா வண்டி உப்பிடித்தான் இழுக்கும். வீட்டில ஆம்பிளையள் ஆரும் இல்லையோ?"

"இருந்தாலும் அது சூடேறி எட்டாம் கட்டையிலதான் நிக்கும். வாங்கோ, நீங்களே ஓடிப் பாருங்கோ."

"எனக்கு வேலை கிடக்கு."

"எனக்கும் கிடக்கு. நீங்கள் வருமட்டும் நான் இஞ்சயிருந்து போகமாட்டன்."

கதிரையை இழுத்து வாசலுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வந்தவர்கள் விசாரித்தார்கள், ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். பத்து மணிக்குப் புதுக் கார் பார்க்க வந்த கிண்ணியா வியாபாரி ஒருவர் முழுக்கதையும் கேட்டுவிட்டு, "பிறகு வாறன்" என்று திரும்பிப் போனார். அதற்குப் பிறகுதான் பாக்கியரத்தினம் திறப்பை எடுத்தார்.

ஏழாம் கட்டை வரை கார் பிசகில்லாமல் ஓடியது. அவர் முகத்தில் ஒரு வெற்றிக்களை. எட்டாம் கட்டையில் இரண்டு தரம் இருமிவிட்டு எஞ்சின் அடங்கியது. எத்தனை தரம் முயன்றும் உயிர் வரவில்லை. கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்தார்.

"கொயில் எது, தம்பி?"

தொட்டுக் காட்டியவர், சூடு தாங்காமல் கையை உதறினார். அன்னலட்சுமி குனிந்து பார்த்தாள். அதைப் பிடித்திருந்த இரண்டு ஆணிகளின் மேலும் தொழிற்சாலையில் பூசிய பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"இதை ஆரும் கழட்டவே இல்லையே."

"அஸீமிட்ட மாத்தச் சொன்னனான், மிஸி..."

இருவரும் பஸ்ஸில் திரும்பியதும் அவள் நேரே மெக்கானிக் அஸீமிடம் போனாள். அவன் கையைத் துடைத்தபடி பாக்கியரத்தினத்தைப் பார்த்தான். "மிஸியின்ர காருக்கு வந்த கொயிலை முதலாளிப் பெரிய ஐயான்ர காருக்குப் பூட்டச் சொன்னது நீங்கள்தானே, ஐயா."

பாக்கியரத்தினம் விற்பனைக்கு நின்ற புதுக் காரிலிருந்து கொயிலைக் கழற்றச் சொன்னார். மூவரும் கம்பனி லொறியில் எட்டாம் கட்டைக்குப் போனார்கள். அஸீம் கால் மணி நேரத்தில் பூட்டி முடித்தான்.

"நீங்களும் ஏறுங்கோ, தம்பி" என்றாள் அன்னலட்சுமி. "நிலாவெளி மட்டும் போய்ப் பாப்பம்."

கார் நிற்கவில்லை. சுபைதாவின் வீட்டு வாசலில் அவரை நிறுத்திவிட்டு, உள்ளே போய்ப் பிள்ளையைக் குளிப்பாட்டினாள். வெளியே வந்தபோது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நேற்று இஞ்சதானோ வந்தனீங்கள்?"

"ஓம்." நடந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

அன்னலட்சுமி பையிலிருந்து கடதாசியும் பேனையும் எடுத்து நீட்டினாள்.

"உத்தரவாதம் இண்டையிலயிருந்து இன்னும் ஒரு வருசம். எழுதித் தாங்கோ."

அவர் காரின் மூடிமேல் வைத்து எழுதினார். அவள் வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"திகதி போடேல்ல, தம்பி."