அன்னம்மாளுக்கு ஒன்பது நாள்

டின்மீன் கம்பனிக்கு மீன் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து பக்கத்து வீட்டு யாகப்புவின் கையில் காசு புழங்கி, நடையே மாறிவிட்டது. அதற்கு நன்றி சொல்லத்தான் தலவில புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போய் ஒன்பது நாளும் தங்கினார். வள்ளம் கரையில் கிடந்தது. கம்பனிக்கு ஒரு சொல் சொல்லவில்லை. மீன் வராததால் அவர்கள் வெளிநாட்டு மீனை இறக்கினார்கள், இனி அதுதானாம்.

வருமானம் நின்றதும் கடன் கட்ட வள்ளமும் போயிற்று. நேற்று சும்மா எட்டிப் பார்த்தேன். அவர் மனைவி மாக்கிறட் அதே கம்பனியின் டின்னை வெட்டிக் கறிச்சட்டியில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“உங்கட வீட்டிலயும் டின்மீனோ?”

“மெல்லக் கதையுங்கோ அக்கா. தெரிஞ்சா அந்த மனுசன் தொடாது.”

யாகப்பு சாப்பிட உட்கார்ந்தார். “என்ன மீன்?”

“எங்கட கடல் மீன்தான்.”

முதல் வாயிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.