சுண்டுவிரல் காயும்வரை

என் தங்கை சுகந்தியைக் கடலுக்கடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மண்டபம் கரையிலிருந்து படகில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து நேர் கீழே பத்துப் பாகம் ஆழம். நல்ல குடும்பம், மாப்பிள்ளை குடிக்க மாட்டார். குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான், நகம் பார்ப்பார்கள்.

பெண் வீட்டிலிருந்து யார் போனாலும் பத்து விரலிலும் நெயில் பாலிஷ் முழுசாக இருக்க வேண்டும். எந்த விரலில் பெயர்ந்திருக்கிறதோ அந்த உறவு செத்துப்போனதாக அர்த்தம். கட்டைவிரல் அப்பா, ஆள்காட்டி விரல் அம்மா, நடுவிரல் கூடப் பிறந்தவர்கள், மோதிர விரல் கணவன். சுண்டுவிரல் வந்தவளே. முந்தின வருஷம் பொங்கல் சீர் கொண்டுபோனபோது படகு ஏணியில் என் கட்டைவிரல் உரசிவிட்டது. கீழே போய்ச் சேர்வதற்குள் ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சம்பந்தி வீட்டுத் தீபாவளி வேட்டி வருவதில்லை. அவர் அதன்பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவேயில்லை. என்னவோ நான் வேண்டுமென்றே கொன்ற மாதிரி.

இந்த முறை விஷயம் பெரிது. சுகந்திக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு அவளை மேலே அழைத்து வர வேண்டும். கீழே பிறந்த பிள்ளை மேலே வராது. அவள் நாத்தனார் பிள்ளைகள் மூன்றும் கரை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல் வளர்கின்றன. ஆனால் துக்க வீட்டுக்குப் பிள்ளைத்தாய்ச்சியை அனுப்ப மாட்டார்கள். அப்பாவுக்கு வருஷத் திதி முடிந்துவிட்டது, அதில் சிக்கல் இல்லை. புதிதாக யாரும் சாகாமல் நான் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூன்று நாள் பாத்திரம் தேய்க்கவில்லை. நகத்தை வினிகரால் துடைத்து, ஒரு அடிப்பூச்சு, சிவப்பில் இரண்டு பூச்சு, மேலே டாப் கோட். நக நுனியைச் சுற்றி உட்பக்கமும் தடவினேன், தண்ணீர் அந்த வழியாகத்தான் கிளப்பும். கையுறை போடலாம்தான், ஆனால் அவர்கள் வீட்டில் அது எதையோ மறைப்பதாக ஆகிவிடும். சிலிண்டர் வாரை அம்மா மாட்டிவிட்டாள். மாஸ்க்கை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டேன். அம்மாவுக்குக் காது அடைக்கும், கீழே வர முடியாது. அவள் படகிலேயே இருந்தாள்.

பவளப்பாறையைக் கும்பிட்டபடி கடந்தேன். ஒரு நகம்கூட எதிலும் படவில்லை.

அத்தை, அதாவது சுகந்தியின் மாமியார், வாசலிலேயே என் கைகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பத்தும் நல்லாருக்கு. உள்ள வாம்மா காஞ்சனா" என்றார். உயிர் வந்தது எனக்கு. வளையல் அடுக்கினோம். சுகந்தி என் காதில், "அக்கா, இன்னிக்கே கூட்டிட்டுப் போயிருவேல்ல?" என்று கேட்டாள். "பின்ன? சும்மா நீந்திப் பாக்கவா வந்தேன்?" என்றேன்.

சீர் டப்பாவைக் கொண்டுவந்தவளே திறந்து கொடுக்க வேண்டும். அம்மா அதிரசத்தை எவர்சில்வர் டப்பாவில் வைத்திருந்தாள். தண்ணீர் புகக் கூடாது என்று மூடியைக் குத்துக் குத்தென்று குத்தி இறுக்கியிருந்தாள். நான் நகம் கொடுத்து நெம்பினேன். மூடி திறந்தது. சுண்டுவிரல் சிவப்பு ஒரு சீவலாகக் கழன்று என் கண்ணெதிரே மேலே மிதந்து போனது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"அடப் பாவமே" என்றார் அத்தை. "இவ்வளவு சின்ன வயசுல."

நாத்தனார் தலையை அவிழ்த்துப் போட்டாள். சுகந்தி என் மடியில் விழுந்து அழுதாள். மாப்பிள்ளை சுகந்தியின் துணிப்பெட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுபோனார். "துக்க வீட்டுக்கு எப்படிம்மா அனுப்புறது? பிரசவம் இங்கயே ஆகட்டும்" என்றார் அத்தை. அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எல்லாம் அம்மாவின் மூடி.

அப்புறம்தான் தோன்றியது.

"அத்தை, துக்க வீடுங்கிறது எது? பிணம் கிடக்கிற வீடுதானே?"

"ஆமா."

"நான் இங்கேல்ல கிடக்கிறேன்."

அத்தை யோசித்தார். அவர் நியாயமானவர், அதை எங்கேயும் சொல்வேன். "அய்யய்யோ, பிள்ளைத்தாய்ச்சியை இங்க வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? கிளப்புங்கடா!" என்று சத்தம் போட்டார். பெட்டி மறுபடி வெளியே வந்தது.

சுகந்தி இரண்டு வருஷம் கீழேயே பழகிவிட்டவள், மேலே ஏறும்போதுதான் அவளுக்குக் காற்று தேவைப்படும். என் சிலிண்டரை அவளுக்கு மாட்டினார்கள். செத்தவளுக்கு எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டது சரியாகத்தான் பட்டது.

"நீ எப்பக்கா வருவே?"

"பாலிஷ் போட்டுட்டு வர்றேன். நீ போ."

அவள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். எனக்கு அழுகை முட்டியது. பிணம் அழுதால் நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டேன். வெகு நேரம் கழித்து மேலே படகின் அடிப்பக்கம் ஒரு ஆள் பாரத்துக்குக் கொஞ்சம் தாழ்ந்தது. அம்மா அவளைத் தூக்கிவிட்டாள்.

ஐந்தாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. கரையிலேயே பிறந்தது. என் பெயரை வைத்தார்களாம். பதினாறாம் நாள் துக்கம் கழித்து, அத்தையே என் சுண்டுவிரலுக்குச் சிவப்புப் பூச்சு அடித்துவிட்டார். காய்ந்ததும் நான் உயிரோடு கிளம்பலாம். அவசரப்பட்டு எதிலாவது பட்டுவிடக் கூடாது என்று கையைத் தூக்கியே வைத்திருக்கிறேன். அவ்வப்போது ஊதுகிறேன், குமிழிகள் போகின்றன.

போன வாரம் குட்டிக் காஞ்சனாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்ததாகச் சொல்லி அனுப்பினார்கள். அத்தை வந்து என் நகத்தை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். இன்னும் ஈரம் இருக்கிறது என்றார். காய்ந்தால் இரண்டாவது பூச்சு அடிக்க வேண்டுமாம்.