கிள்ளைக்காரர் போனில் மட்டும்

"நீ பாத்தியா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"கண்ணால பாத்தேன் மாமா. தேதி இருக்கு, நேரம் இருக்கு, அதுக்குக் கீழ பட்டன் மட்டும்—"

"அப்ப இப்ப எப்படி வருது?"

"—இல்ல. என்ன முடிக்க வுடுங்க—"

"என் போன்ல வருது, ஒன் போன்ல வருது, ஆபீஸ்ல இருக்கற அத்தன போன்லயும் வருது. அவரு போன்லயும் வருது!"

"நான் அப்டேட் பண்ண பொறவுதான் வருது. அதத்தான் சொல்றேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்!"

1

இந்தக் கதை என்னிடம் முகமில்லாமல்தான் வந்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், என் முதுகுக்குப் பின்னால். திரும்பிப் பார்த்திருக்கலாம், பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதனால் பெயர்கள் நான் வைத்தவை. அருண்பாண்டியன், வெண்மதி. கணவன் மனைவி, சிதம்பரத்தில் ஒரே அலுவலகம். அவன் வலைத்தளம் கட்டுகிறவன். அவள் அதைப் பலவகை போன்களிலும் பிரவுசர்களிலும் திறந்து பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்கிறவள். அவள் 'பாஸ்' போட்டால்தான் தளம் வெளியே போகும். கட்டுகிறவனுக்கும் குறை சொல்கிறவளுக்கும் ஒரே வீட்டுச் சாவி.

2

சண்டை எதற்கு என்று புரிய எனக்குப் புதுச்சத்திரம் தாண்டவேண்டியிருந்தது. உங்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கடலூரில் ஒரு டயாலிசிஸ் நிலையம். (எது என்று தேடாதீர்கள், பாதி நான் கற்பனையில் கட்டியது.) நாளை முதல் போனில் கூப்பிட்டு நேரம் கேட்க முடியாது. வலைத்தளத்தில் பதிந்தவருக்குத்தான் படுக்கை. ஒத்திகைக்காகச் சில நோயாளிகளைப் பதியச் சொன்னார்கள். கிள்ளையிலிருந்து தேவசகாயம் பதிந்தார். பதிந்ததாக நினைத்தார். நேற்றுக் காலை பஸ் பிடித்து வந்து நின்றவரிடம், உங்கள் பெயரே இல்லையே என்றார்கள்.

[அவர் வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தார் என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். பின்னிருக்கையில் அப்படி யாரும் சொல்லவில்லை. "காலு ரெண்டும் வீங்கிக் கெடந்துச்சு மாமா" என்றாள். அது போதும்.]

ஒத்திகையைப் பார்க்கப் போயிருந்த வெண்மதி அவர் போனை வாங்கிப் பார்த்தாள். வாங்கிய நாளிலிருந்து பிரவுசரைப் புதுப்பிக்காத போன். தேதி தெரிந்தது, நேரம் தெரிந்தது. 'உறுதி செய்க' என்ற பட்டன் திரையிலேயே இல்லை.

"போட்டோ எடுத்தியா?"

"எடுக்கல."

"ஏன் எடுக்கல?"

"கை பாட்டுக்குச் செஞ்சிடுச்சு மாமா."

அவர்கள் அலுவலகத்தில் ஒரு சட்டம். எந்த போனைக் கையில் எடுத்தாலும் முதலில் பழையதையெல்லாம் அழி, பிரவுசரை அப்டேட் செய், பிறகு சோதனையை ஆரம்பி. இல்லாவிட்டால் எல்லாப் பழியும் பழைய குப்பை மேல் போய்விடுமாம். அந்தப் பழக்கத்தில் அவள் விரல் போனது. அப்டேட் முடிந்ததும் பட்டன் வந்துவிட்டது. தேவசகாயத்துக்கு ஒரே சந்தோஷம். குறையைக் கண்ட ஒரே ஆள், அதை இருந்த இடம் தெரியாமல் துடைத்தும்விட்டாள்.

3

முதலில் வெண்மதி பக்கம் உட்கார்ந்துதான் எழுதினேன். 'உண்மை தன் பக்கம் இருக்கிறது என்று வெண்மதிக்கு—' அங்கேயே பேனா நின்றது. எல்லோரும் அவள் பக்கம் வந்துவிடுவீர்கள்; கதை பஞ்சாயத்தாகிவிடும். அவள் பேசப்பேசப் பின்னால் ஒருவன் அடங்கிக்கொண்டே போனான். அவன் பக்கம் இடம் மாறி உட்கார்ந்தேன்.

அருண்பாண்டியனுக்கு மனைவி பொய் சொல்கிறாள் என்ற எண்ணம் துளிகூட இல்லை. அதுதான் அவனுக்குத் தொல்லை. உடைந்ததைப் பார்த்தால் ஒட்டலாம். பார்க்காத விரிசலில் எங்கே கை வைப்பது? ஏற்கெனவே ஒருமுறை அவள் சந்தேகத்துக்காகத் தளத் திறப்பைத் தள்ளிப்போட்டுத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. இன்று காலை நிலையத்து முதலாளி ராஜமாணிக்கம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இன்னொருவாட்டி தள்ளுனீங்கன்னா மெட்ராஸ்காரங்கள வெச்சுக்கறேன் தம்பி."

"அப்டேட் பண்ணிக்கோங்கன்னு மேல ஒரு வரி போட்டுடலாம் மதி."

"போன்ல எடமில்லன்னு பேரப்புள்ள போட்டோவையே அழிக்கறாங்க. அப்டேட்ட எங்க வெப்பாங்க?"

"அப்படி எத்தன பேரு இருப்பாங்க?"

"தெரியாது."

"தெரியாதுல்ல?"

"ஒங்களுக்கும் தெரியாதுல்ல! நாளைக்கி வந்து திரும்பிப் போறவங்க ஒடம்புலதான தண்ணி ஏறும்?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். குரல் தள்ளிக் கேட்டது. "ஏன் கத்தற? எல்லாரும் பாக்கறாங்க."

"ஆபீஸ்ல சார்னு கூப்புட்டா நம்புறீங்க. மாமான்னா மட்டும் பொலம்பறாப்புல இருக்கா?"

"சரி, சார்னே கூப்புடு."

"சார், நான் பாஸ் போடமாட்டேன் சார்."

எனக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டேன்.

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவள் பாஸ் போட்டுவிடுகிறாள். யாரோ ஒருவர் முதல் பஸ்ஸில் வந்து, படுக்கை இல்லாமல்— வேண்டாம். ஒரு பட்டனைக் காட்ட எதற்கு ஒரு உயிர்?

அவள் மறுக்கிறாள், அவன் அவளைத் தாண்டித் தளத்தைத் திறந்துவிடுகிறான். அப்புறம் அந்த வீட்டில் பேச்சே இருக்காது. பேச்சில்லாத வீட்டை எழுத எனக்குக் காது பற்றாது.

அலுவலக அலமாரியில் யாரும் தொடாத ஒரு பழைய போன், அதே பிரவுசரோடு— (இது வசதி. வசதி செய்துகொடுப்பது என் வேலையில்லை.)

5

நிஜத்தில் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் இறங்கி இருவரும் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். இனி வருவது நான் கேட்டதல்ல.

வெண்மதி பையையும் போனையும் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவனிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். போன் அடித்தது. திரையில் 'தேவசகாயம் கிள்ளை'. எடுத்தான்.

"பாப்பா இல்லியா? ஊட்டுக்காரரா? வணக்கம் தம்பி. ஒன்னுமில்ல, பக்கத்து வூட்டு பக்கிரி இருக்கான். அவனும் நம்ம சென்டருக்குத்தான் வர்றவன். நாளன்னிக்கி நேரத்துக்கு இப்பவே பதியலாம்னு பாத்தா, அவன் போன்லயும் அந்தப் பட்டன காணோம். எனக்கு இருந்தாப்புலயே அச்சா இருக்கு."

அருண்பாண்டியன் எழுந்துவிட்டான். கடை வாசல் கூட்டத்தில் வெண்மதியின் முதுகு தெரிந்தது. கூப்பிட்டால் திரும்புவாள். கூப்பிடாவிட்டால் இப்படி ஒரு போன் வந்ததே அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஒரு அப்டேட்டில் பக்கிரிக்கும் பட்டன் வந்துவிடும். தளம் நாளை திறக்கும். இதுவரை, அந்தக் குறையை அவன் பார்க்கவில்லை என்பது உண்மை.

அவன் வாயில் ஒரு பதிலை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. மாற்றிப் பார்த்தேன், அதுவும் இல்லை. நீங்களே சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கம் மனிதர் காத்திருக்கிறார்.

"லைன்ல இருக்கியா தம்பி? பாப்பா பண்ணிக் குடுத்தாப்புலயே இதுலயும் அப்டேட் போட்டு விட்டுரட்டுமா? வெரலு அதுமேலதான் இருக்கு, போட்டுரட்டுமா?"