உடையாமல் வந்தது

அந்த ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்குப் பட்டப்பெயரே மின்னல்தான். குடல்வால் என்றால் இருபது நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும். கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. டாக்டர் வாய் திறக்குமுன் வேண்டியது கையில் இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்று மேசையில் இருந்தவர் பஸ் ஓட்டும் ஓர் அம்மா. வயிற்றுவலி என்று வந்தவருக்கு, குடல்வால் கட்டைவிரலைவிடத் தடித்து உள்ளே கூழ் கட்டியிருந்தது. ஸ்கேன் படத்தை நாலு தடவை பார்த்த பிறகுதான் டாக்டர் சொன்னார்: அபூர்வமான கட்டி, பெரும்பாலும் சாதுதான், புற்று இல்லை, ஆனால் எடுக்கும்போது உடைந்து கூழ் வயிற்றுக்குள் சிதறினால், வருஷக்கணக்கில் பாடாய்ப் படுத்தக்கூடும். மூன்று சின்னத் துளை போதும் என்றும் சொல்லியிருந்தார்.

மயக்க மருந்துக்கு முன் அந்த அம்மா நர்ஸக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடையாம எடுத்துடுவாங்கல்ல, அக்கா?"

பக்கத்திலேயே இருப்பேன் என்றார் நர்ஸக்கா. வேறென்ன சொல்வது?

கேமரா உள்ளே போனதும் திரையில் அது பளபளவென்று தெரிந்தது. பழக்கதோஷம், குடல்வாலைக் கவ்வும் இடுக்கியை நர்ஸக்கா நீட்டிவிட்டார். டாக்டர் வாங்கவில்லை.

"இன்னிக்கு அது வேணாங்க்கா. கட்டிய நாம தொடவே போறதில்ல."

நர்ஸக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை வருஷத்தில் அவர் நீட்டியது திரும்பி வந்ததே இல்லை.

மின்னல் அன்று ஆமையாக நகர்ந்தார். கட்டியை ஒட்டிய கொழுப்பை மட்டும் பிடித்துத் தூக்கி, ரத்தக்குழாயை அடைத்து, குடலோடு சேரும் அடிப்பகுதி வீங்காமல் இருப்பதை உறுதிசெய்து வெட்டினார். ஒன்றரை மணி நேரம். அலுங்காமல் குலுங்காமல் கட்டியைப் பைக்குள் இறக்கி வெளியே இழுத்தபோது, பை துளையில் சிக்கிக்கொண்டது. கொஞ்சம் அழுத்தி இழுத்தால் வந்துவிடும். யாருக்கும் கை பரபரக்கும் இடம் அது. டாக்டரின் கை நின்றது.

அவர் கேட்கவில்லை. நர்ஸக்கா கத்தியை நீட்டியிருந்தார். இந்தத் தடவை டாக்டர் வாங்கிக்கொண்டார். துளை பெரிதானது, கட்டி ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாக வந்தது. முகக்கவசத்துக்குள் நர்ஸக்கா அழுதே விட்டார்.

ஒரு வாரம் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. சாதுக் கட்டிதான். அந்த அம்மா நர்ஸக்காவைத் தேடி வந்தார்.

"தழும்பு பெருசாயிடுச்சுன்னு டாக்டர் எங்கிட்ட மன்னிப்புக் கேக்குறாங்க. எதுக்குக்கா?"

"அவங்க அப்படித்தான்" என்றார் நர்ஸக்கா.