சுவர் வரைக்கும் நடந்து காட்டு

எட்டு சென்ட் இடத்துக்கு இத்தனை பெருமை ஆகாது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். பேசின வாயோடு பையையும் தூக்கிக்கொண்டு வந்து ஃபஹ்மிதாவிடம் காய் வாங்கிப் போனார்கள். புரட்டாசி பாதி தாண்டியிருந்தது. முக்கூடலில் அந்த வருஷம் அவள் வீட்டுப் பின்பக்கம் காய்த்த காய்ப்பைப் பார்த்துவிட்டு யார்தான் பேசாமல் இருப்பார்கள்?

ஆடியில் ஊன்றிய விதை அத்தனையும் ஏமாற்றாமல் முளைத்திருந்தது. பந்தலில் நுனிக்குக் கல் கட்டிய புடலங்காய்கள் ஆள் நுழைய வழியில்லாமல் தொங்கின. பீர்க்கு சுவரேறி, அடுத்த வீட்டு முருங்கையையும் பிடித்துக்கொண்டது. ஈ குத்தாமலிருக்க ஒவ்வொரு பாகற்பிஞ்சுக்கும் காகிதத்தில் சட்டை தைத்துப் போட்டிருந்தாள். வெள்ளைக் கத்தரியும் சீனியவரையும் பறிக்கப் பறிக்க வந்தன. மூலையில் தடியங்காய் என்கிற வெண்பூசணி நாலு, சாம்பல் பூத்து, தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்கிற கனத்தில் கிடந்தன.

குடியிருந்த வீடு மாமனார் கட்டியது. அதில் கணவன் ரசீதுக்குப் பாதி, கொழுந்தன் முஆதுக்குப் பாதி. பின்பக்கத்து எட்டு சென்ட் மட்டும் ஃபஹ்மிதாவுடையது. நிக்காஹ் சமயத்தில் அவள் வாப்பா காஜா முகைதீன், நகையோடு சேர்த்து அந்த இடத்தையும் வாங்கி அவள் பேருக்கு எழுதிவைத்தார். உலகத்தில் அவள் பேர் போட்டு அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அவள் அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தாள் என்று சொல்ல மாட்டேன். அவளுக்குப் பிள்ளை இருந்தது, மகள் முஃபீதா, பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். தோட்டம் வேறு. தோட்டத்தில் அவள் யாரிடமும் கேட்காமல் ஒரு செடியைப் பிடுங்கலாம், ஒரு செடியை நடலாம்.

ரசீத் வெளிநாட்டில், தம்மாமில், பதினான்கு வருஷம். போன் பேசுவான், நல்லாருக்கியா, சாப்பிட்டியா, முஃபீதா படிக்காளா, சரி வைக்கட்டுமா. மூன்று நிமிஷத்துக்கு மேல் போனதில்லை. அந்த மனுஷன் இந்த ஆடிக்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூப்பிட ஆரம்பித்தான். அங்கே அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். சாப்பாட்டை விட்டுவிட்டுத் தோட்டத்தைக் காட்டச் சொல்வான்.

"அந்தச் சுவர் வரைக்கும் நடந்து காட்டு புள்ள. கிணத்துல தண்ணி எவ்வளவு கெடக்கு? போன எட்டிப் பிடி, உள்ள தெரியட்டும். அப்படியே பாதையில வந்து நில்லு, வண்டி உள்ள வருமா?"

"எந்த வண்டி மச்சான்?"

"சும்மா கேட்டேன். எல்லாம் கண்ணுல பாத்தாப்ல இருக்கணும்லா."

பாவம், ஊரைப் பிரிந்து கிடக்கிறவருக்கு நடந்து பார்க்கிற ஆசை என்று அவள் நினைத்தாள். இந்த வருஷத்தோடு முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று பெருநாள் லீவில் சொல்லியிருந்தான். வருகிற ஆளுக்கு மண் பிடித்துவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனில் நேரடியாகக் காட்டுவது விட்டுவிட்டுத் தெரிகிறது, வீடியோ எடுத்து அனுப்பு, ரூமில் படுத்துக்கொண்டு பார்ப்பேன் என்றான். அதையும் செய்தாள். ஐந்து மணிக்கு முன்னால் தலை சீவி, நல்ல சேலை கட்டி, செடி செடியாக நின்று பேசினாள். நாற்பது வயதில் மனைவிக்குக் கிடைத்த தேனிலவு அது. அவள் அப்படித்தான் அதை வைத்திருந்தாள், யாரிடமும் சொல்லாமல்.

புதன்கிழமை ரசீதோடு ஒரே ரூமில் தங்குகிற ஜாஸ்பர் வருவதாக இருந்தது. லீவில் வந்திருக்கிறான், பேரீச்சம்பழமும் பால்பவுடரும் குடுத்துவிட்டிருக்கேன், தோட்டத்தையும் பார்த்துட்டுப் போவான், முஆத் கூட இருப்பான் என்று ரசீத் சொல்லியிருந்தான். முஆதுக்குச் சேரன்மகாதேவியில் ஏதோ வேலை இழுத்துவிட்டது. அவன் வருவதற்கு முன்பே ஜாஸ்பரும் அவன் மனைவி அஞ்சலினும் காரில் வந்து இறங்கிவிட்டார்கள். எல்லாம் வெளியே வந்தது இந்த அரைமணி நேரத் தாமதத்தால்தான்.

"வாங்க தம்பி, வாம்மா" என்று ஃபஹ்மிதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டதும் ஜாஸ்பர் சிரித்துவிட்டான்.

"அஞ்சலின், இந்தக் குரல்தான். நான் சொன்னேன்லா."

ஃபஹ்மிதாவுக்குப் புரியவில்லை. டீ கொடுத்துவிட்டு, பெரிய கட்டைப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் கூட்டிப்போனாள். வந்தவர்களுக்குக் காய் பறித்துக் கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் அவளுக்கு இல்லை. ஜாஸ்பர் தோட்டத்துக்குள் வழி கேட்காமல் நடந்தான். கல் கட்டின புடலை இதுதான, பாகலுக்குச் சட்டை போட்டது இதுதான, தடியங்காய் நாலுல்லா, நாலாவது எங்க என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தான். தோட்டத்தைப் பாராட்டினால் அவளுக்குத் தலைகால் புரியாது. பை நிறைந்துகொண்டே போனது.

"இவ்வளவும் ஒங்களுக்கு எப்படித் தெரியும் தம்பி?"

"தினம் வீடியோல பாப்போம்க்கா. ரூம்ல மத்த நாலு பேரும். நீங்க பேசுறது கதை வாசிக்கிற மாதிரி இருக்கும். அந்த விதைக்கு விட்ட பீர்க்கங்கா எங்க? 'நீங்க வந்து ஒங்க கையால உடைக்கணும் மச்சான், விதை எனக்கு, நார் ஒங்க முதுகு தேய்க்க'ன்னு சொன்னியள்லா, அன்னைக்கு ரூமே சிரிச்சு உருண்டுது."

அவன் மனதில் கள்ளமில்லை. அதைக் கேட்டு ஃபஹ்மிதாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த வீடியோவை எடுத்த அன்றைக்கு, யாரும் இல்லையே என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொன்னாள். கட்டினவனிடம் மட்டும் சொன்னது. நாலு ஆம்பிளைகள் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேண்டாத ஒரு வெண்டையை ஒடித்தாள்.

அதற்குள் ஜாஸ்பர் பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து அஞ்சலினிடம் ஒரு நுனியைக் கொடுத்தான்.

"கெழக்குச் சுவர்ல பிடி. கிணறு நம்ம அடுப்படிக்கு நேரா வரும். இந்தப் பந்தல எடுத்துட்டா கார் நிப்பாட்டிக்கிடலாம்."

அஞ்சலின் நுனியைப் பிடித்தபடியே ஃபஹ்மிதாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் டேப்பை விட்டுவிட்டாள்.

"ஏங்க, அக்காவுக்குத் தெரியாதுபோல."

"என்ன தெரியாது?" என்றாள் ஃபஹ்மிதா.

ஜாஸ்பர் அவளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். "திங்கக்கிழமை பத்திரம்லாக்கா. ரசீத் அண்ணன்ட்ட அட்வான்ஸ் குடுத்து ஒரு மாசமாச்சு. ஒங்க பவர வச்சு முஆத் கையெழுத்துப் போடுவான்னு சொன்னாவ. ஒங்களுக்குத் தெரியும்னுதான்..."

பவர், அவளுக்குப் பதிலாக இடத்தை விற்கிற அதிகாரம். பெருநாள் லீவில் ரசீதும் முஆதும் அவளைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனது ஞாபகம் வந்தது. பட்டா இன்னும் ஒங்க வாப்பா பேரிலேயே கிடக்கு, மாத்த ஆள் அலையணும், முஆதுக்கு ஒரு தாள் குடுத்தாப் போதும் என்றான் ரசீத். அங்கே அலுவலர் அவளைப் பார்த்து, எழுதியிருப்பது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று சொன்னால் கணவனை நாலு பேர் முன்னால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகும். தலையை ஆட்டினாள். விரல் ரேகை வைத்தாள். வெளியே வந்ததும் ரசீத் அவளுக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தான். கரும்புச்சாறு!

"வாங்க, நாம போவோம்" என்று அஞ்சலின் கணவனை இழுத்தாள். காய்ப்பையை எடுப்பதா விடுவதா என்று தயங்கி நின்றவளிடம் ஃபஹ்மிதாவே அதைத் தூக்கிக் கொடுத்தாள்.

"கொண்டுபோம்மா. காய் என்ன செஞ்சுது?"

அவர்கள் வெளியேறும்போது முஆத் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தான். ஜாஸ்பரின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வாசலுக்கு வந்தும் உள்ளே கால் வைக்கவில்லை.

"மைனி, நான் சொல்லத்தான் சொன்னேன். அண்ணன்தான், நான் பைய சொல்லிக்கிடுதேன், நீ வாயத் தொறக்காதன்னாவ."

"தினம் இங்கன வந்து பை நெறைய பறிச்சிட்டுப் போனியே முஆத். இந்த எடம் கைமாறப் போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, ஒரு நாளாவது அது தொண்டையில சிக்குச்சா?"

சிக்கவில்லை என்பதுதான் உண்மை. அவன் பிள்ளைகளுக்குப் புடலங்காய்க் கூட்டு என்றால் உயிர்.

அன்றைக்கு ஐந்து மணிக்கு ரசீத் கூப்பிட்டான். எடுக்கவில்லை. ஆறு தடவை கூப்பிட்டான். அவள் கிணற்றடியில் உட்கார்ந்து போன் அதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் வரைக்கும் நட என்றது அளவுக்கு. கிணற்றைக் காட்டு என்றது ஊற்றுக்கு. பாதையில் நில் என்றது வாங்குகிறவன் காருக்கு. ஒன்றரை மாதம் தலை சீவிக்கொண்டு நின்று, தன் இடத்தைத் தானே கூவி விற்றிருக்கிறாள். தரகனுக்குக்கூடக் கமிஷன் கிடைக்கும். இவளுக்குக் கிடைத்தது நாலு பேர் சிரிப்பு.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் மேஜை போட்டிருந்த பத்திர எழுத்தர் தேவசிகாமணி, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க குடுத்த பவர நீங்களே ரத்து செய்யலாம்மா. யார்ட்டயும் கேக்க வேண்டியதில்ல. திங்கக்கிழமைக்கு முன்ன வந்திய, நல்லதாப் போச்சு. கடைசியா ஒண்ணு, வீட்டுல பேசிட்டுத்தான வந்திருக்கிய?"

"வீட்டுல எங்கிட்ட யாரும் பேசலியே அண்ணாச்சி" என்றாள்.

அவர் மேற்கொண்டு கேட்காமல் எழுத ஆரம்பித்தார். மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. முஆதுக்கும் ஜாஸ்பருக்கும் பதிவுத் தபாலில் தகவல் அனுப்பி, முஆதிடம் போனிலும் சொல்லிவிட்டு வீடு திரும்பினாள். நிலம் தப்பியது. பஸ்ஸில் அவளுக்கு அதில் ஒரு துளி சந்தோஷம்கூட வரவில்லை.

ஐந்து மணிக்குப் போன் வந்தது. இந்தத் தடவை எடுத்தாள்.

"என்ன காரியம் செஞ்சிருக்க நீ? ஜாஸ்பர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"என் முகத்துல முழிச்சிருவியளா மச்சான்?"

ரசீத் குரலை இறக்கினான். தம்மாமில் ஒரு கடை, பங்குக்குப் பணம் போடக் கூப்பிடுகிறார்கள், நல்ல இடம், பத்து வருஷம் ஒழுங்காக இருந்தால் அப்புறம் கவலையே இல்லை என்றான்.

"பத்து வருஷமா? இந்த வருஷத்தோட வாரேன்னு சொன்னிய."

"சொன்னேன். நெலமை மாறிப்போச்சு."

வருகிறவனுக்காக என்று அவள் போட்டுவைத்த தோட்டத்தை, வராமலிருப்பதற்காக விற்கப் பார்த்திருக்கிறான். அதையும் விழுங்கிக்கொண்டு, நேற்றிலிருந்து தொண்டையில் நின்றதைக் கேட்டாள்.

"எடத்தக் காட்டணும்னா எடத்தக் காட்ட வேண்டியதுதான. நான் பேசுனத எதுக்கு ரூம் பூரா கேக்க வச்சிய? ஒங்களுக்குன்னு சொன்னதுலா அது?"

"நீ என்ன பேசுனன்னு எனக்கு எப்படித் தெரியும்? வந்த வீடியோவ அப்படியே ஜாஸ்பருக்குத் தட்டிவிட்டிருவேன். ஒக்காந்து பாக்க இங்க யாருக்கு நேரம் இருக்கு?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். "அப்படி இல்ல புள்ள..." என்று இழுத்தான்.

சிரித்தவர்களாவது பார்த்திருக்கிறார்கள். அவள் தலை சீவிக்கொண்டு நின்றது யாருக்காகவோ, அந்த ஒரு ஆள் மட்டும் பார்க்கவேயில்லை. இதற்கு நிலம் போயிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு.

"கேட்டா நீ ஒத்துக்கிட மாட்டேன்னுதான் சொல்லல" என்றான் ரசீத்.

"கேட்டிருந்தா சண்ட போட்டிருப்பேன். ரெண்டு நாள் சோறு தின்னுருக்க மாட்டேன். மூணாம் நாள் நானே வந்து கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேன். ஒங்களுக்கு இல்லாத எடமா எனக்கு?"

அது சத்தியம் என்று அவனுக்கும் தெரியும். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. பிறகு ஒரு சின்ன நம்பிக்கையோடு, பழைய மூன்று நிமிஷக் குரலில் சொன்னான்:

"சரி, விடு. இப்பக் கேக்குதேன். குடு."

"இப்ப நீங்க கேக்கல மச்சான்" என்றாள் ஃபஹ்மிதா. "மாட்டிக்கிட்டிய."